நண்டு ஓடு தின்னும் உயிர்

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கக் ரோஸ் இன்று காலையிலிருந்து அகார் அகார் காய்ச்சுகிறார். மகளுக்கு நிச்சயதார்த்தமாம். பாண்டான் இலையும் தேங்காய்ப்பாலும் சேர்வதற்கு முன்னால், வெறும் தண்ணீரில் கடற்பாசி கரைகிற அந்த முதல் கொதிக்கு ஒரு தனி வாசம் உண்டு. ஈரச் சாக்கும் கடற்கரையும் கலந்தாற்போல. தம்போயில் எங்கள் வரிசை வீடுகளின் சமையலறைகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. அடுத்த வீட்டுக் கொதி வேண்டாம் என்றால் நிற்காது. ஜன்னலைச் சாத்தப் போனவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஆசையில் நிற்கிறேன் என்று நினைத்து, இறுகியதும் ஒரு தட்டு தருகிறேன் என்று கக் ரோஸ் சைகை காட்டினார். அவரிடம் எப்படிச் சொல்வது, எனக்கு இது தின்பண்டத்தின் வாசம் இல்லை என்று.

உங்களிடம் சொல்லலாம். இது ஸ்கூடாயில் ஒரு தனியார் கல்லூரியின் இரண்டாம் மாடி. நானும் புஷ்பாவும் நுண்ணுயிரியல் படித்த கூடம். பாக்டீரியாவுக்குப் பாய் விரிப்பது அகாரில்தான். உலகத்துப் பரிசோதனைக்கூடங்கள் எல்லாம் இந்தப் பக்கத்து மலாய்ச் சமையலறைச் சொல்லை வாங்கிப் போய் வைத்துக்கொண்டிருக்கின்றன என்று புஷ்பாவுக்கு ஒரே பெருமை, ஏதோ அவள் வீட்டு அடுப்பிலிருந்து போனதுபோல.

புஷ்பாவின் வீடு கெலாங் பாத்தாவில். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். நான் தம்போய்க்காரன். நுண்ணுயிரியல் என்றால் மருத்துவம் மாதிரி ஏதோ ஒன்று என்று என் வீட்டில் நம்பினார்கள். நானும் அதைத் திருத்தவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மேசை, ஒரே பர்னர், ஒரே கம்பி வளையம். அந்த வளையத்தைச் சிவக்கச் சிவக்கத் தீயில் காட்டி, ஆற விட்டு, கிருமியைத் தொட்டு, தட்டில் இழுக்க வேண்டும். அவள் இழுத்தால் கோலம். நான் இழுத்தால் உழவு.

அங்கே முதலில் சொல்லித்தரும் பாடம் கிருமியைப் பற்றியது அல்ல, எழுதுவதைப் பற்றியது. பெயரைத் தட்டின் மூடியில் எழுதாதே, அடியில் எழுது. மூடி மாறிப்போகும், அடி மாறாது. எங்கள் விரிவுரையாளர் டாக்டர் மனோன்மணி இதை ஒவ்வொரு வாரமும் சொல்வார். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். பாடம் ஆங்கிலத்தில், திட்டு மட்டும் தமிழில். ஒருமுறை ஆய்வறிக்கையில் நான் ‘தட்டெங்கும் சின்னச் சின்ன நிலவுகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்து, “தம்பி, உம்மட நிலவு எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேட்டார். புஷ்பா பர்னர் தீ அணைகிற அளவுக்குச் சிரித்தாள். அந்தப் பருவம் முழுக்க எனக்கு அதுதான் பெயர். “டேய் மில்லிமீட்டர், அந்த மூடிய எடு.”

கடைசி ஆண்டில் ஆளுக்கோர் ஆய்வு. எனக்குத் தயிர். அவளுக்கு நண்டு. கெலாங் பாத்தா பக்கத்துக் கழிமுகத்தில், பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே, அவள் சின்ன வயதிலிருந்து பார்த்த சேறு இருந்தது. அத்தனை நண்டு சாகிற இடத்தில் ஓடுகள் மட்டும் ஏன் மலைபோலக் குவிவதில்லை, யாரோ தின்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அந்த யாரோவைத் தேடிச் சேற்றை அள்ளி வந்தாள். சாப்பாட்டுக் கடையிலிருந்து ஓடுகளை வாங்கி, மசாலா போகக் கழுவி, அமிலத்தில் ஊறப்போட்டு, வெள்ளைக் கூழாக்கி அகாரில் கலந்தோம். என் மோட்டார் சைக்கிளின் பெட்டி பல மாதம் நண்டுக் கறி நாறியது. தட்டில் ஊற்றினால் நீர்த்த பால் மாதிரி மங்கலாக இறுகும். அதில் கிருமி வளர்ந்து ஓட்டைத் தின்னத் தொடங்கினால், அதைச் சுற்றி மங்கல் விலகி ஒரு தெளிந்த வட்டம் விழும்.

விழுந்தது. வாரக்கணக்கில் வெறும் மங்கலைப் பார்த்துச் சலித்திருந்த ஒரு காலையில், ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி. தட்டின் அடியில் எழுதியிருந்த அவள் பெயர், மேலிருந்து பார்த்தால், அந்த வட்டத்துக்குள் மட்டும் இடவலம் மாறித் தெரிந்தது. அவள் கத்தவில்லை. தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, “பாரு லா, என் பேரைத் தின்னு வெளிய கொண்டு வந்திருச்சு” என்றாள். டாக்டர் மனோன்மணி வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பருவ முடிவில் தேர்வுக் குழுவுக்கு இந்த வட்டத்தைக் காட்டினால் மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைக்கும் என்றார். அது இல்லையென்றால், படித்தது போதும், சிங்கப்பூரில் வேலைக்குப் போ என்பது அவள் வீட்டில் முன்பே முடிவாகியிருந்தது. ஆக எல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பிராணியின் வயிற்றில் இருந்தது.

நண்டு ஓட்டுத் தட்டில் அது நோஞ்சானாகத்தான் வளரும். தூசி விழுந்த மாதிரி. புஷ்பாவுக்கு மனசு கேட்கவில்லை. வாரா வாரம் புதுத் தட்டுக்கு மாற்றும்போது, வழக்கமான சத்து அகாருக்கு மாற்றிவிட்டாள். அதில் மாட்டிறைச்சிச் சாறு கலந்திருக்கும். “வீட்டுல சொல்லிடாதடா, எங்கம்மா என்னை வாசல்லயே நிக்க வச்சுக் குளிப்பாட்டுவாங்க” என்று சொல்லிக்கொண்டே ஊட்டுவாள். அது கொழுத்தது. வெண்ணெய்போல் மினுங்கியது. நாங்கள் அதைப் பார்த்துப் பூரித்தோம். யாராவது வீட்டுக்கு வந்தால் முதலில் சாப்பாடு போடுகிற ஜனங்கள் நாம். பாக்டீரியா என்றால் மட்டும் கை சும்மா இருக்குமா?

குழுவுக்குக் காட்ட நாள் நெருங்கியபோது மறுபடி நண்டு ஓட்டுத் தட்டுக்கு மாற்றினாள். வளர்ந்தது. வட்டம் இல்லை. சூடு போதவில்லை என்று நினைத்தோம். கூழ் சரியில்லை என்று புதிதாகக் காய்ச்சினோம். மங்கல் விலகவில்லை, பெயர் தெரியவில்லை. முதல் வளர்ப்பிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த குழாயில் பூஞ்சை புகுந்திருந்தது. வட்டம் விழுந்த பழைய தட்டுகளை வழக்கப்படி அவித்துக் கொட்டியாயிற்று. டாக்டர் மனோன்மணி எல்லாத் தட்டையும் வரிசையாகப் பரப்பி வெகுநேரம் பார்த்தார். இலவசமாகச் சோறு கிடைக்கிற இடத்தில் ஓடு உடைக்கிற வித்தையை அது எதற்குச் சுமக்க வேண்டும்? ஒரு ராத்திரியில் பல தலைமுறை காண்கிற உயிர். சுமக்காதவை வேகமாகப் பெருகிச் சுமந்தவற்றை மூடிவிட்டன. இதையெல்லாம் விளக்கி முடித்து, கடைசியில் தமிழுக்கு வந்தார்.

“பிள்ளை, அது சாகேல்ல. மறந்திட்டுது.”

அன்று மத்தியானமே மோட்டார் சைக்கிளில் கெலாங் பாத்தாவுக்கு ஓடினோம். பின்னால் அவள் மடியில் காலிப் போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. பாக்காவ் மரங்கள் இருந்த இடத்தில் தகர வேலி நின்றது. வேலியில் அடுக்குமாடி வீடுகளின் படம், நீலக் குளம், சிரிக்கிற குடும்பம். உள்ளே லாரிகள் செம்மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. சேறு எங்கே என்று புஷ்பா காவலாளியிடம் மலாயில் கேட்டாள். அவர் பாவம், எங்களை வீடு வாங்க வந்த ஜோடி என்று நினைத்து விற்பனைக் கூடாரத்தைக் காட்டினார். வேறு நேரமாக இருந்தால் அதை வைத்து ஒரு மாதம் என்னை ஓட்டியிருப்பாள். அன்று போத்தலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். திரும்பும் வழியில் ஒரு கால்வாய் ஓரத்துச் சேற்றை அள்ளினோம். அதில் என்னென்னவோ வளர்ந்தன. வட்டம் போடுகிறவன் வரவில்லை.

குழுவினர் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். வட்டம் இல்லாத தட்டை வைத்துக்கொண்டு வட்டம் இருந்தது என்று அவள் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார்கள். புகைப்படம் உண்டா என்றார்கள். கைப்பேசியில் கேமரா அபூர்வமாக இருந்த காலம் அது. ஆய்வு தேறியது. இடம் வேறு யாருக்கோ போனது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து நின்று ‘நான் பார்த்தேன்’ என்று சொல்லத் தோன்றியது. சொல்லியிருந்தாலும் என்ன? நிலவு எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

நான் அதே கூடத்தில் செய்முறை உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்தேன். புஷ்பா என்னிடம் விட்டுப்போன குழாயில் இருந்த அந்த மறதிக் கிருமியை, மாதம் தவறாமல் நண்டு ஓட்டு அகாருக்கு மட்டும் மாற்றினேன். தூசிபோல வளரும். ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அடியில் எழுதிய பெயர் பாலுக்குள் கிடக்கும். பிறகு மாணவர் சேர்க்கை குறைந்து பாடப்பிரிவை மூடினார்கள். அறையை ஒப்படைக்க வேண்டும், வளர்ப்புகள் எல்லாவற்றையும் அவித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. நான் மாடி ஏறும்போதே, அவிக்கிற கொப்பரையான ஆட்டோகிளேவ் நீராவி விட்டுக்கொண்டிருந்தது. புஷ்பாவின் குழாயும் அதற்குள்தான். அகார் காய்ச்சும்போது வருகிற அதே வாசம். புது உணவு தயாராவதும் பழைய உயிர் சாவதும் அந்த ஒரே கொப்பரையில்தான். மூக்குக்கு வித்தியாசம் தெரியாது. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்வது?

இப்போது பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் திரையில் ஒரு பொத்தானைத் தட்டினால் தட்டு, இன்னொன்றைத் தட்டினால் கிருமி, மூன்றாவதில் வட்டம். எந்த வட்டமும் தவறுவதில்லை. எதற்கும் வாசம் இல்லை. அடியில் பெயர் எழுத அந்தத் தட்டுக்கு அடியே இல்லை. நான் நண்டுக் கதையை எடுத்தால், “சார், இது எக்ஸாம்ல வருமா?” என்று கேட்கிறார்கள். வராது என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறேன். கல்லூரி மாடியில் இப்போது உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. சேறு இருந்த இடத்தில் படத்தில் போட்ட குளமே வந்துவிட்டது. புஷ்பாவின் பழைய எண்ணை அழைத்தால் யாரோ ஒரு சீனப் பெரியவர் எடுக்கிறார்.

மேலே பால், கீழே கண்ணாடி என்று இரண்டடுக்காக இறுகிய அகார் அகாரை கக் ரோஸ் சற்றுமுன் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கியதும் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தேன். அவர் கலவரப்பட்டு, தட்டு சுத்தம்தான் என்றார்.

புஷ்பா கிளம்பிப் போன நாளில் ஸ்கூடாய் பஸ் நிறுத்தத்தில் ஒரே நெரிசல், ஒரே ஹாரன். சிங்கப்பூரில் ஒரு பானத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. அங்கேயும் தட்டு, அங்கேயும் அகார். “ஆனா அங்க ஒன்னும் வளரலன்னாதான்டா எனக்குச் சம்பளம்” என்று சிரித்தாள். பஸ் வந்ததும் பையிலிருந்து அந்தக் குழாயை எடுத்து என் சட்டைப் பையில் நிமிர்த்தி வைத்தாள். நண்டு ஓட்டை மட்டும் தீனியாகக் கொடுத்துவந்தால், பசியில் ஒருநாள் அதற்கு ஞாபகம் வந்தாலும் வரலாம் என்றாள். வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படியில் ஏறியவள் கூட்டத்துக்கு நடுவே திரும்பி என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“பாவம்னு நெனச்சு சோறு மட்டும் போட்டுடாதடா.”