விசாலம்மாவும் பதின்மூன்றாம் சேனலும்

கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து விசாலம்மாவின் தங்கை கோமதி பேசினார். "பாய், அக்கா போயிட்டாங்க. காத்தால காபி போட்டு வெச்சுட்டு எழுப்பினேன், எந்திரிக்கலைங்க" என்றார். தூக்கிய ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கோத்தகிரி பஜாரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவன் திங்கட்கிழமை காலையில் கடை திறக்காமல் போனால் நாலு பேர் காரணம் கேட்பார்கள். அன்று யாரும் கேட்கவில்லை. பஜார் முழுக்கச் செய்தி எனக்கு முன்பே போயிருந்தது.

பஸ்ஸில் பெள்ளி அண்ணனும் அவர் மனைவி மாதியம்மாவும் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். பஸ் முதல் சில வளைவுகளைத் தாண்டியது. பிறகு பெள்ளி அண்ணன் திரும்பி, "பாய், எங்க ஷெட்டுல லேப்டாப்பப் பாத்து, 'இது இன்னும் அமெரிக்காவுலயே இருக்குது'ன்னு சொல்லிச் சிரிச்சாங்களே, நெனப்பிருக்குதா?" என்றார். மாதியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையம் வரை இப்படிச் சிரித்துக்கொண்டே போனது கண்டக்டருக்கு விசித்திரமாக இருந்திருக்கும். விசாலம்மாவை அறிந்த உங்களுக்கு அப்படி இருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவரும் ஒரே தேயிலை பேக்டரியின் ஆபீசில் வேலை பார்த்தோம். நான் கணக்குப் பிரிவு. அவர் கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவர், டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். கம்ப்யூட்டர் வந்ததும் ஆபீசில் மற்ற எல்லோரும் அதைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றோம். அவர் ஒரு அடி முன்னே போனார். மேனேஜரின் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணைந்துபோகும். குன்னூரிலிருந்து மெக்கானிக் இரண்டு முறை வந்து எதையெதையோ மாற்றிவிட்டுப் போனார். மூன்றாவது முறை அணைந்தபோது விசாலம்மா உள்ளே போய், "சார், ஒரு நிமிஷம் எந்திரிங்க" என்றார். மேனேஜர் எழுந்தார். சக்கரம் வைத்த அவருடைய ஆபீஸ் நாற்காலியின் ஒரு சக்கரம் மின் வயரின் மேல் நின்றுகொண்டிருந்தது. அவர் பின்னால் சாய்கிறபோதெல்லாம் பிளக் லூசாகிவிடும். "கோளாறு பெரும்பாலும் நாம உக்காந்திருக்கிற எடத்துக்குப் பக்கத்துலதாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு விசாலம்மா தன் மேஜைக்குத் திரும்பிவிட்டார். மேனேஜர் குனிந்து நாற்காலியை வயரிலிருந்து தள்ளி வைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தனை வருடம் தேயிலை பேக்டரியில் இருந்தும் விசாலம்மா டீ குடித்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து காபித் தூள் வரவழைத்து பிளாஸ்க்கில் கொண்டுவருவார். யாராவது கேட்டால், "நாள் பூரா மூக்குல ஏறுதுங்க, வாயிலயும் ஏறணுமா?" என்பார்.

பிறகு தேயிலைக்கு விலை விழுந்தது. அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பறிக்கிற கூலிக்கே இலை விலை போதாத நிலை. பேக்டரிக்காரர்கள் இலையை வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். சாலையோரத்தில் மூட்டை மூட்டையாக இலை வாடிக் கிடந்தது. எங்கள் பேக்டரியும் ஒருநாள் மூடியது. விசாலம்மாவின் கணவர் அதற்கு முன்பே தவறியிருந்தார், பிள்ளைகள் இல்லை. அவருடைய அண்ணன் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொன்னார். "அங்க போயி என்ன பண்றதுங்க, அண்ணி கூட சீரியல் பாக்கறதா?" என்று கேட்டுவிட்டு, பேக்டரி போன பிறகு நான் ஆரம்பித்த கடைக்கு மேல் இருந்த சின்ன அறையை வாடகைக்கு எடுத்து டைப்பிங், பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினார்.

நாலு பழைய கம்ப்யூட்டர்கள். வருகிறவர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்களிலிருந்து வைரஸ் ஏறி வாரத்துக்கு ஒன்று படுத்துக்கொள்ளும். ஒருநாள் பொறுமை போய், ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து எல்லாவற்றிலும் விண்டோஸை எடுத்துவிட்டு, அந்த வைரஸ்கள் ஒட்டாத லினக்ஸ் ஏற்றிவிட்டார். மறுநாள் வந்தவர்களெல்லாம் குழம்பிப் போனார்கள். ஒருவர், "ஏனுங்க, இதுல ஸ்டார்ட் பட்டனையே காணமே" என்றார். "வந்த வேலைய ஸ்டார்ட் பண்ணுங்க, பட்டன் எதுக்கு?" என்று விசாலம்மா பதில் சொன்னது எனக்குக் கீழே கடைக்குக் கேட்டது.

இனி பெள்ளி அண்ணன் கதைக்கு வருகிறேன். பஜாரிலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரத்தில் அவருக்குக் கொஞ்சம் தேயிலை நிலம். விலை விழுந்த பிறகு அவரும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாகச் சேர்ந்து, வீட்டுக்குக் கீழே ஒரு ஷெட் போட்டு, இலையைக் கையாலேயே உருட்டிக் காயவைத்து கிரீன் டீ செய்ய ஆரம்பித்தார்கள். நல்ல டீ. வாங்கத்தான் ஆளில்லை. ஒரு ரிசார்ட்காரர் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்வதாக பெள்ளி அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் சென்னையில் உயர்ரக டீ விற்கிற ஒரு கடைக்காரர், சாம்பிள் பிடித்திருக்கிறது, ஆனால் கையால்தான் செய்கிறீர்களா என்று கண்ணால் பார்த்த பிறகே ஆர்டர் கொடுப்பேன், திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் காட்டுங்கள் என்று சொன்னார்.

அன்றைக்கு எங்கள் கையில் இருந்த போன்களில் முகம் பார்க்கவே முடியாது, உருட்டுகிற கையை எங்கே காட்டுவது? பெள்ளி அண்ணனின் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது விட்டுச்சென்ற லேப்டாப் ஒன்று இருந்தது. அதிலும் விசாலம்மா லினக்ஸ் ஏற்றினார். வீட்டில் இன்டர்நெட் வருகிற டெலிபோன் லைன் இருந்தது. புதிதாக ஒரு வைஃபை ரூட்டரும் வாங்கி மாட்டியாயிற்று. சனிக்கிழமை ஷெட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். வைஃபை வரவில்லை. பெள்ளி அண்ணன் வீட்டு ரூட்டரின் பெயரே திரையில் இல்லை.

லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்த சின்ன வைஃபை சுவிட்சைப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. உள்ளே வைஃபை பிடிக்கிற வயர்லெஸ் கார்டுக்கு வேண்டிய டிரைவர் சாஃப்ட்வேர் இல்லையோ என்று சந்தேகப்பட்டு, ஞாயிறன்று லேப்டாப்பைத் தன் சென்டருக்கே தூக்கிவந்தார். அங்கே திறந்ததும் எந்த வம்பும் இல்லாமல் கனெக்ட் ஆகிவிட்டது. "பாருங்க பாய், என்ர எடத்துல நல்ல புள்ளையாட்ட இருக்குது" என்றார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவரோடு நானும் போனேன். ஷெட்டில் திறந்தால் பழைய கதைதான்.

பெள்ளி அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "விடுங்கம்மா. நமக்கு இது ஒத்துவராது. ரிசார்ட்காரனுக்கே சொல்லிடறேன்" என்றார். மாதியம்மா இலை உருட்டுகிற மேஜைக்குப் பின்னால், கட்டியிருந்த புதுச் சேலையோடு நின்றார்.

விசாலம்மா கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டார். "அண்ணா, வராததப் பத்தி அப்பறம் பேசலாம். எது வருதுன்னு மொதல்ல பாக்கலாம்" என்றார். லேப்டாப்பில் ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது: மேட்டுமேல் இருந்த ஒரு காட்டேஜின் வைஃபை. ஆக, கார்டு உயிரோடுதான் இருக்கிறது. வீடியோவுக்கு ஆகாவிட்டாலும் வைஃபை பிடிக்கிற என் போனை வாங்கிப் பார்த்தார். அதில் காட்டேஜும் தெரிந்தது, பெள்ளி அண்ணன் வீட்டு ரூட்டரும் தெரிந்தது. ஆக, ரூட்டரும் உயிரோடுதான் இருக்கிறது. "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. ஒருத்தர ஒருத்தர் மட்டும் கண்டுக்க மாட்டேங்கறாங்க" என்று முணுமுணுத்தார். பிறகு கறுப்புத் திரையில் எதையோ அடித்தார். வரிசையாக எண்கள் வந்தன. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வீட்டுக்குப் போனார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, நல்ல கனமான உடம்பு, அந்த ஈரப் படிகளில் ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் ரூட்டரோடு வயரால் இணைத்துப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். அங்கிருந்தே சிரிப்பு கேட்டது.

"ஏனுங்க பாய், இந்தப் பொட்டி இன்னும் அமெரிக்காவுலயே இருக்குதுங்க."

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். வைஃபையும் ஒரு ரேடியோதான். அதற்கும் எண் போட்ட சேனல்கள் உண்டு. எந்த சேனல் வரைக்கும் போகலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. நம் ஊரில் பதின்மூன்று வரை போகலாம். அமெரிக்காவில் விற்கிற கார்டு பதினொன்றோடு நின்றுவிடும். பெள்ளி அண்ணன் வீட்டு ரூட்டரோ, தானாகவே பதின்மூன்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. இங்கே வாங்கிய என் போனுக்கு அது தெரிந்தது, லேப்டாப்புக்குத் தெரியவில்லை. சென்டரில் இருந்த ரூட்டர் வேறு சேனலில் இருந்ததால் அங்கே பிரச்சினை வரவில்லை.

"இப்ப என்னங்கம்மா பண்றது?" என்று பெள்ளி அண்ணன் கேட்டார்.

"நீ இந்தியாவுக்கு வந்துட்டேன்னு இதுக்குச் சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்குது. போகட்டும். அது மாறலைன்னா நாம மாறிக்கலாம்." ரூட்டரை ஆறாம் சேனலுக்கு மாற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்தார். ஷெட்டில் லேப்டாப்பைத் திறந்தபோது பெள்ளி அண்ணனின் வீட்டுப் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. யாரும் கைதட்டவில்லை. மாதியம்மா மட்டும் இலையை அள்ளி மேஜையில் போட்டார்.

பதினொரு மணிக்குச் சென்னைக்காரர் திரையில் வந்தார். மாதியம்மா உருட்ட ஆரம்பித்தார். விசாலம்மா லேப்டாப்பைக் கையில் ஏந்தி அவர் கைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் படம் வெள்ளையாகிவிட்டது. "ஹலோ, ஒண்ணும் தெரியலையே, நெட் போயிடுச்சா?" என்று குரல் மட்டும் வந்தது. பெள்ளி அண்ணன் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "நெட் இருக்குதுங்க. மேகம் உள்ள வந்திருக்குது. கொஞ்சம் பொறுங்க, போயிரும்" என்றார். அந்தப் பக்கம் சென்னைக்காரர் சிரித்த சிரிப்பில், ஆர்டர் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேகம் போகிறவரை அவர் காத்திருந்தார்; பிறகு மாதியம்மாவிடம் எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள், கை வலிக்காதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால் தேயிலை விலை ஏறிவிட்டது என்று நான் கதைவிடப் போவதில்லை. ஆர்டர் சிறியதுதான். பெள்ளி அண்ணன் பாதி நிலத்தில் தேயிலையைப் பிடுங்கி கேரட் போட்டார். ஆனால் ரிசார்ட்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். ஷெட் இன்றும் நடக்கிறது. விசாலம்மா அன்று இரண்டு காரியம் செய்தார். மாதியம்மா வற்புறுத்தியதால் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த கிரீன் டீயை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "வெந்நி நல்லா இருக்குது" என்றார். சென்டருக்குத் திரும்பியதும், இந்தக் கோளாறையும் தீர்வையும் இன்டர்நெட்டில் லினக்ஸ்காரர்கள் பேசிக்கொள்கிற ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். பல மாதம் கழித்து பிரேசிலிலிருந்து யாரோ ஒருவர், உங்களால் என் வைஃபை வந்தது என்று நன்றி எழுதியிருந்தார். அதைக் காட்ட என்னை மாடிக்குக் கூப்பிட்டார். "பிரேசில்லயும் ஒருத்தன் ஊட்டுக்கு நெட்டு வந்திருச்சுங்க பாய்" என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை, அவர் சம்பளம் வாங்கிய எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

முழங்கால் வலி படியேற விடாமல் செய்த பிறகு சென்டரை மூடிவிட்டுத் தங்கையோடு இருக்க மேட்டுப்பாளையத்துக்குப் போனார். அதற்கு முந்திய வருடம் என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை உறவும் பஜாரும் மாறி மாறி வந்தார்கள். வீட்டுக்கு அழைத்து வந்து சில நாளானதும் எல்லோருக்கும் அவரவர் வேலை. அப்போதுதான் விசாலம்மா வந்தார். காலையில் வந்தவர் சாயங்காலம் வரை என் மனைவியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். "எல்லாரும் வந்துட்டுப் போயாச்சு, நீங்க மட்டும் ஏன்கா லேட்டு?" என்று அவள் விளையாட்டாகக் கேட்டாள். "சரியாயிருச்சுன்னு எல்லாரும் கௌம்பின பொறவு ஒருத்தர் இருந்து பாக்கோணுமில்ல கண்ணு" என்றார்.

அன்று மேட்டுப்பாளையத்தில் எல்லாம் முடிந்தபோது மணி மூன்றுக்கு மேல். மலைக்குத் திரும்புகிறவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். பெள்ளி அண்ணன் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "நீங்க போங்கண்ணா, நான் அடுத்ததுல வர்றேன்" என்றேன். பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். கோமதி உள்ளேயிருந்து வந்து, "பஸ் போயிருமே பாய்" என்றார்.

"போகட்டும்மா" என்று சொல்லி, அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, எதிரே இன்னொன்றை இழுத்து உட்கார்ந்தேன். விசாலம்மாவிடமிருந்து எனக்கு என்று நான் எடுத்துவந்தது, எல்லோரும் போன பிறகு உட்காருகிற இந்தப் பழக்கம் ஒன்றுதான்.