குதிரைக்கு வாங்கிய ரப்பர் ஷீட்

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் விருமாண்டி வாழ்ந்ததெல்லாம் அடுத்த வீட்டைப் பார்த்து வாழ்ந்த வாழ்க்கைதான். அடுத்த வீட்டு நல்லகாமன் திண்டுக்கல்லில் பூட்டு வாங்கினால், இவர் அதைவிடப் பெரிய பூட்டு வாங்குவார். உள்ளே பூட்டி வைக்க என்ன இருக்கிறது என்ற யோசனையெல்லாம் அப்புறம். எழுபத்தெட்டாம் வருஷம் நல்லகாமன் மோட்டார் சைக்கிள் வாங்கினான். விருமாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

"வர்ற சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில அழகர எதிர்கொண்டு கும்பிட இதுலதான் போறேன்" என்று டீக்கடையில் அறிவித்தும் விட்டார். ஊர் வாயில் விழுந்த பிறகு போகாமல் இருக்க முடியுமா?

லாயத்துக்கு மண்தரையே போதும் என்றாள் மனைவி மாயக்காள். அவர் கேட்கவில்லை. வீட்டுக் கூடத்தில் போட்டிருந்த அதே சிவப்புச் சிமெண்டுத் தரையை லாயத்திலும் போட்டு, கூடத்துக்குச் செய்வதுபோலவே தேங்காய் எண்ணெய் விட்டு முகம் தெரியத் தேய்த்தார். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். குதிரையால் லாடத்தைக் கழற்ற முடியவில்லை. தன் மூத்திரத்திலேயே வழுக்கி, முன்னங்கால் முட்டி தேய விழுந்தது.

"இன்னொரு தடவ விழுந்துச்சுன்னா சவாரியவே மறந்துருங்க. தரைக்கு ரப்பர் விரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மாட்டு டாக்டர்.

விருமாண்டி மதுரையில் நாகூர் கனியின் ரப்பர் கடைக்குப் போனார். கனி, மில் மெஷினில் ஓடிக் கழித்த அகலமான கறுப்பு ரப்பர் பெல்ட்டை இழுத்துப் போட்டார். "இது போதும்ணே. நல்லாப் புடிச்சு நிக்கும்."

"கழிச்சுப் போட்டதுலயா என் குதிரை நிக்கும்?" விருமாண்டியின் கண் மூலையில் சுருட்டி வைத்திருந்த பச்சை ஷீட்டின் மேல் போனது. கனமான புது ரப்பர், மேலே பிளாஸ்டிக் உறை. அதை விரிக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், கடைசியில் நடுக்கடையில் மல்லாந்து படுத்துக் கண்ணையும் மூடினார்.

"குதிரைக்குத்தானண்ணே?" என்று கனி சந்தேகத்தோடு கேட்டார்.

பச்சை ஷீட் ஊருக்கு வந்தது. "நாலு பேரு பாக்கட்டும்" என்று முதலில் கூடத்தில் விரித்தார். நாலு பேர் பார்த்தார்கள், நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். உறையைக் கிழிக்க மனசு வரவில்லை. அதன்மேல் குதிரை சாணி போடும் என்று நினைத்தாலே துண்டை எடுத்து உறையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"ஏங்க, அது நிக்க முடியாம நடுங்குது. கொண்டுபோய் விரிங்க" என்றாள் மாயக்காள்.

"திருவிழாவுக்கு மொத நாளு விரிச்சுக்கலாம். அதுவரைக்கும் பதனமா நிக்கட்டும்."

அந்த வாயில்லா ஜீவன் நாலு காலையும் அகட்டிக்கொண்டு பதனமாகத்தான் நின்றது. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மறுபடியும் விழுந்தது. கால் வீங்கிப்போனது.

அழகர் வருகிற அன்றைக்கு, குதிரைச் சவாரிக்கென்று வாங்கிய சரிகைத் தலைப்பாகையோடு விருமாண்டி பஸ்ஸுக்கு நின்றார். வந்த பஸ் ஒன்றிலும் கால் வைக்க இடமில்லை. அப்போது நல்லகாமன் வந்து வண்டியை நிறுத்தினான். "ஏறு மாப்ள. தலப்பாவக் கெட்டியாப் புடிச்சுக்க" என்றான். வேறு வழியில்லாமல் ஏறினார். டீக்கடைக்காரன் முதற்கொண்டு எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் வெந்துபோய் வீடு திரும்பினார். கூடம் வெறுமையாகக் கிடந்தது. லாயத்துக்கு ஓடினார். மாயக்காள் உறையைக் கிழித்தெறிந்துவிட்டுப் பச்சை ஷீட்டை அங்கே விரித்திருந்தாள். சிமெண்டுத் தரை போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக அந்தக் குதிரை நடுங்காமல் நின்றுகொண்டிருந்தது. வீங்கிய காலைக்கூட மெதுவாக ஊன்றியிருந்தது. பக்கத்தில் சாணி.

விருமாண்டி தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்: "அடியே, குதிரைக்கு வாங்குன ஷீட்டுல குதிரைய யாருடி ஏத்துனது?"