தங்கவேலுவின் காவடியும் பிரேசில் மெட்டும்

ரங்கூனை அடுத்த தன்லியின் டீக்கடைகளில் ஒரு வதந்தி கிளம்பியது. காவடி ஊர்வலத்தில் பதினோரு வருஷமாக ஊரே ஆடும் முருகன் பாட்டு, பிரேசிலில் மீன்காரர்கள் பாடும் பாட்டாம். யாரோ கைபேசியில் கேட்டுவிட்டார்கள்.

விசாரித்தால், வதந்தி குறைத்துத்தான் சொல்லியிருந்தது. பாட்டை எழுதிய சத்யபாமா எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தையல் ஆலையில் காலர் வைப்பவர். கப்பலில் சமையல்காரராக இருந்த கணவர் பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த ஒரே உருப்படியான பொருள் ஒரு சிடி. அதில் ஆதெல்மோ பிராகா என்பவர் பாடியிருந்தார். வலை பின்னிப் பிழைத்து, தெருவுக்கே பாட்டுக் கட்டிக்கொடுத்த மனிதர் என்று அட்டையைப் படித்துக் கணவர் சொன்னார். பாமாவுக்கு மொழி புரியவில்லை. கால் மட்டும் தானாகத் தாளம் போட்டது.

வெளிநாட்டு மெட்டில் பர்மிய வரியை ஏற்றி, 'கோப்பி' பாட்டு என்று பாடுவது ரங்கூனில் வெகுகால வழக்கம். பர்மியருக்கு ஆகும், முருகனுக்கு ஆகாதா? பாமா அந்த சிடி மெட்டில் முருகன் பாட்டு எழுதினார். அப்புறம் நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு. தன்லியின் தமிழரில் பாதிப்பேர் பிராகாவின் மெட்டில்தான் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

கோயில் தலைவர் தங்கவேலு கூட்டம் போட்டார்.

"ஏம்மா பாமா, சாமி முன்னாடி மீன்காரன் பாட்டா?"

"பதினோரு வருஷமா முருகன் ஒரு புகாரும் சொல்லலியேண்ணே."

"இந்த வருஷம் பழைய பாட்டுதான். முடிஞ்சுபோச்சு."

ஆலையில் பாமாவை மெஷின் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் அந்த ஊர்வலம் ஒன்றுதான்.

ஊர்வலத்தன்று பழைய பாட்டு கிளம்பியது. காவடிகள் கிளம்பவில்லை. பிராகாவுக்குப் பழகிய கால்கள் வெயிலில் நின்று முழித்தன. தலைவர் தோளிலும் ஒரு காவடி. பத்தடி நகர்வதற்குள் காவடியைத் தோள் மாற்றிக்கொண்டு கத்தினார்.

"பாமா! அந்தாளு பாட்டையே எடும்மா, தோள் போகுது!"

பாமா மைக்கை வாங்கினார். பாடவில்லை.

"மெட்டுக்காரர் பேரை இந்த மைக்கில சொல்லுவீங்களா?"

"முருகன் மேல சத்தியமா சொல்றேன், பாடித் தொலை!"

பாடினார். காவடிகள் கோயில் வாசல் வரை கிட்டத்தட்ட ஓடின. தலைவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் பாமா தலைவரிடம் ஒரு சீட்டை நீட்டினார். தமிழிலும் பர்மிய எழுத்திலும் ஒரே பெயர்: ஆதெல்மோ பிராகா.

"வாயில நுழையலம்மா. பழகிட்டு, அடுத்த வருஷம்…"

சீட்டு தலைவரின் சட்டைப் பைக்குள் போனது. இரண்டு திருவிழா கழிந்துவிட்டது. தலைவர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்.