காலையில் நான் ஏசிய மண்

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பள்ளிவாசலில் நாலு பேர் கூடிக் கதைத்தால் தூணோரம் ஒதுங்கி நிற்கிற ஆள். கார் ஓட்டுகிறவனுக்குக் கடதாசியும் பேனாவும் எதற்கு என்று நீங்கள் நினைத்தால் அதில் பிழையில்லை. ஆனால் என் துஆவை அல்லாஹ் ஏற்றுக்கொண்ட விதத்தை நாலு பேருக்கு முன்னால் சொல்ல எனக்குக் கூச்சம். சொல்லாமல் இருந்துவிடவும் பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

மருதமுனையில் என்னிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது. முன்னால் கம்பி போட்டுச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும். நெசவுக்காரரின் சாரன் கட்டுகளையும் கல்யாண வீட்டு ஆட்களையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளையும் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு.

1956ஆம் வருடம் றஜபு மாதம். பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பிறேக்கை மிதித்தபோது கால் பஞ்சுக்குள் இறங்குவது போல இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். பிறேக் எண்ணெய் நன்றாகக் குறைந்திருந்தது. கல்முனைக் கடையில் எண்ணெய் முடிந்துவிட்டது, மட்டக்களப்பில் இருந்துதான் வரவேண்டும் என்றார்கள். பாண்டிருப்பில் கார் திருத்துகிற சிங்கராசா பாஸிடம் போனேன். எண்ணெய் வரும்வரைக்கும் காரை எடுக்கவேண்டாம் என்று அவர் சொன்னார். கை பிறேக்கின் கம்பியும் அறுந்து கிடக்கிறதே என்று ஞாபகப்படுத்தினார். அது போன நோன்புப் பெருநாளைக்கு முதலே அறுந்தது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. நிறுத்தினால் சில்லுக்குக் கல் வைப்பேன், அவ்வளவுதான்.

மறுநாள் விடியவே ஒரு ஹயர் ஓட்டம் இருந்தது. வரமுடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அப்போது அலுமாரியின் மேல் மாமியின் எண்ணெய்ப் போத்தல் கண்ணில் பட்டது. மாமி என்றால் என் மனைவியின் உம்மா. அவருக்கு முழங்கால் நோவு. பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பை ஒருவர் மூன்று நாள் ஓதி ஊதிக் கொடுத்த தேங்காயெண்ணெய் அது. ஓதிய எண்ணெய், இதைவிட நல்ல எண்ணெய் எது என்று நினைத்தேன். ஒருவருக்கும் தெரியாமல் எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, பிறேக் எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் ஊற்றிவிட்டேன்.

பிறேக் கல்லுப் போலப் பிடித்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கமாக வாய் திறக்காத நான் தேத்தண்ணீர்க் கடையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். "அப்ப பெற்றோலுக்கும் ஓதிப் பாருங்க காக்கா" என்றார் எனக்கு இளைய ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அல்லாஹ் மேல் ஈமான் குறைவு என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். நாலு நாளில் கடைக்குப் பிறேக் எண்ணெய் வந்தது. கடைக்காரர் சொல்லி அனுப்பினார். எனக்குத் தேவையில்லை என்று பதில் அனுப்பினேன்.

வீட்டில் மாமி போத்தலைத் தேடினார். பெட்டிக்குள், கட்டிலுக்குக் கீழே, அடுப்படியில் எல்லாம் தேடினார். நான் பேசாமல் சோறு தின்றேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு பிறேக் மாறத் தொடங்கியது. மிதித்தால் பிறேக் கட்டை உடனே மேலே வராது. முன் சில்லுகள் சுட்டன. கருகிய மணம் வந்தது. தெரியாமல் இருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். தெரிந்தது. ஒவ்வொரு முறையும் பிஸ்மில்லாஹ்வைச் சத்தமாகச் சொல்லிவிட்டு ஓட்டினேன்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. என் மனைவியின் தங்கைக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் அவளுக்குத் தங்கவில்லை. இது மூன்றாவது, ஆண் பிள்ளை. நற்பிட்டிமுனையில் இருக்கும் அவளுடைய மாமியாருக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டாள். பின் சீற்றில் அவளும் பிள்ளையும் என் மனைவியும் இருந்தார்கள். முன்னால் மாமி.

வயல் நடுவே போகிற வீதியில் மரப்பலகைப் பாலம் ஒன்று. அதைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் இரண்டு மாட்டு வண்டிகள் வழியை மறித்து நின்றன. வீதியில் இருந்து நெல் மிதிக்கிற களவெட்டிக்கு வண்டி இறங்குவதற்காக, பள்ளத்தில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாம் பாம் என்று கோன் அடித்தேன். அவர்கள் அவசரப்படவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். தலையை வெளியே நீட்டி ஏசவும் செய்தேன். "மாட்டு வண்டியிலயே வந்திருந்தா இதுக்குள்ள போய்ச் சேந்திருப்பம்" என்றார் மாமி. எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஜும்ஆவை அங்கேயே தொழுது, சாப்பிட்டு, பின்னேரம் அஸருக்குப் பிறகு திரும்பினோம். பிள்ளை நித்திரை. அதே வீதி. தூரத்தில் பாலத்தடியில் ஆட்கள் தெரிந்தார்கள். நாங்கள் போன பிறகு பாலத்தின் பலகைகளைக் கழற்றி, புதுப் பலகை போட வேலை தொடங்கியிருக்கிறார்கள். வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நாலு பேர். பாலம் இருந்த இடத்தில் வெறும் இடைவெளி.

பிறேக்கை மிதித்தேன். கால் அடிவரைக்கும் போனது. திரும்ப மிதித்தேன். ஒன்றுமில்லை. கம்பி அறுந்தது மறந்து கை பிறேக்கை இழுத்தேன். அது சும்மா வந்தது. கியரைக் குறைக்கப் பார்த்தேன், கடகடவென்று சத்தம் போட்டதே தவிர விழவில்லை. கோன் அடித்தேன். வாய்க்காலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கரை உயரம், ஏற முடியாமல் வழுக்கினார்கள். வீதியின் ஒரு பக்கமும் அதே வாய்க்கால், மறு பக்கம் ஆள் உயரப் பள்ளம்.

அந்த நேரத்தில் ஓதுவதற்கு எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "யா அல்லாஹ், பிழை என்ட. இந்தப் புள்ளையை விட்டுடு" என்று மட்டும் கேட்டேன். சத்தமாகக் கேட்டேனாம், மாமி பிறகு சொன்னார்.

கேட்டு வாய் மூடவில்லை, இடது பக்கம் புது மண் சிவப்பாகத் தெரிந்தது. காலையில் நான் ஏசிய மண். ஸ்டியரிங் வளையத்தை ஒடித்தேன். கார் அந்த மண்ணில் இறங்கி, களவெட்டிக்கு ஓரமாக இருந்த வைக்கோல் கும்பத்துக்குள் புகுந்து நின்றது. கண்ணாடி முழுக்க வைக்கோல். ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள் பிள்ளை அழத் தொடங்கியது. அதைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

செருப்புக் காலோடு யாரும் மிதிக்காத களவெட்டிக்குள் காரையே கொண்டுவந்து விட்டேன். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் வந்து கதவைத் திறந்து முதலில் பிள்ளையை வாங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"காலையில கோன் அடிச்சு ஏசின ஆள் நீங்கதானே காக்கா?"

"ஓம்" என்றேன்.

"நீங்க ஏச ஏசக் கொட்டின மண்தான் இது. நேத்து வண்டி ஒண்டு பள்ளத்தில குடை சாஞ்சது. இல்லாட்டி இண்டைக்கும் கொட்டியிருக்க மாட்டம்."

அந்த வைக்கோலிலேயே நெற்றி வைத்து ஸுஜூதில் விழுந்தேன். நான் கையேந்தியது அஸருக்குப் பிறகு. அல்லாஹ் காலையிலேயே அதற்குப் பதிலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். அந்த வண்டியைப் பார்த்துத்தான் நான் கோன் அடித்திருக்கிறேன்.

போடியார் ஒருவரைச் சைக்கிளில் அனுப்பிச் சிங்கராசா பாஸைக் கூப்பிட்டார். பாஸ் வந்து சில்லைக் கழற்றினார். உள்ளே இருந்த றப்பர் ஊறிய கடலையைப் போல உப்பி, ஓரம் கிழிந்திருந்தது. அவர் ஈரத்தை விரலில் தொட்டு மணந்தார்.

"காக்கா, இது அடுப்படி மணக்குது."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். போத்தல் கதையைச் சொன்னேன். தேங்காயெண்ணெய் பட்டால் இந்த றப்பர் ஊறிக் கெட்டுப்போகும் என்று பாஸ் அமைதியாக விளங்கப்படுத்தினார். நான் மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு பேரனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "காருக்கும் முழங்கால் நோவெண்டு சொல்லியிருந்தா நானே பூசி விட்டிருப்பன் மருமகன்" என்றார். களவெட்டியே சிரித்தது. நான் அழுதேன்.

சகோதரர்களே, எண்ணெயிலும் குறையில்லை, ஓதியவரிலும் குறையில்லை. அது ஒரு வயதான பெண்ணின் காலுக்கென்று ஓதியது. அதைக் களவாக எடுத்து, என் சோம்பலுக்கு ஈமான் என்று பெயர் வைத்தவன் நான். அப்படிப்பட்டவன் கேட்டதையும் அல்லாஹ் தள்ளவில்லை. இப்போது விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து சில்லு, எண்ணெய், இரண்டு பிறேக்கு எல்லாம் பார்த்த பிறகுதான் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கம்பியைச் சுற்றுகிறேன். வழியில் வண்டி மறித்து நின்றால் கோன் அடிப்பதில்லை. கார் ஓட்டுகிறவர்கள், லொறி ஓட்டுகிறவர்கள், கஷ்டத்தில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அவனிடம் கேளுங்கள். பிழை செய்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். நான் பிழையோடுதான் கேட்டேன்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை. கல்முனைக்கு நடந்து போய்ப் பிறேக் எண்ணெய் வாங்கினேன். சிங்கராசா பாஸ் களவெட்டியில் வைத்தே புது றப்பர் போட்டு, கை பிறேக்கின் கம்பியையும் மாற்றினார். மாமிக்கு லெப்பையிடம் வேறு போத்தல் வாங்கிக் கொடுத்தேன். மாமி அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.