இலைக்குள் படுத்துக் கேட்ட பாகப்பிரிவினை

வேலை போய் மூன்று வாரம். என் அமெரிக்க விசாவில் அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இதைக் கீழ்வீட்டு அண்ணனிடம் மட்டும்தான் சொன்னேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று.

இன்று மதியம் எங்கள் ஊர் பிளெய்ன்ஸ்பரோவில் நல்ல வெயில். அண்ணனின் ஏழு வயது மகள் மீராவும் அவள் தம்பி கவினும் விளையாடக் கூப்பிட்டார்கள். உதிர்ந்த மேப்பிள் இலைகளைக் குவித்து, என்னைப் படுக்கவைத்து, கழுத்துவரை மூடினார்கள். நான் இப்படிச் சிரித்துப் பல நாளாயிற்று.

“அங்கிள், ஆடாதீங்க. நீங்க செத்துட்டீங்க,” என்றாள் மீரா.

எனக்கு இருபத்தாறு வயது. சரி என்று செத்தேன்.

“டிவி எங்களுக்கு,” என்றான் கவின்.

“அது அம்மா அப்பவே சொல்லிட்டாங்க. ரைஸ் குக்கர் மூணாவது மாடி ஆன்ட்டிக்கு. வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டாங்க.”

“எந்த க்ரூப்?” என்று பிணம் கேட்டது.

“நீங்க இல்லாத க்ரூப், அங்கிள்.”

அதற்குள் அவர்கள் அம்மா தட்டில் பஜ்ஜியோடு வந்தார். இலைகளை உதறிக்கொண்டு எழுந்தேன்.

“அக்கா, டிவிக்குச் சுவத்துல இடம் அளந்துட்டீங்களா?”

அவர் முகம் சுருங்கும் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

“அம்பத்தஞ்சு இன்ச்தானே தம்பி? ஸ்டாண்டும் சேர்த்துத் தருவீங்கல்ல?”

பஜ்ஜி நன்றாக இருந்தது.

சோஃபாவை இன்னும் யாரும் கேட்கவில்லையாம். வேண்டுபவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கிறது. சோஃபா கைக்கு வர, அது ஊத்திக்கொள்ள வேண்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.