பதுளை யார்டில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி

பதுளை ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. இஞ்சினை இன்னும் மாட்டவில்லை. ஜன்னல் வழியாக வாங்கிய தேத்தண்ணி விளிம்புவரை நிறைந்து கையைச் சுடுகிறது. ஊதிக்கொண்டே வாயருகே கொண்டுபோகிறேன்.

"குடிச்சிராதீங்கய்யா," என்கிறார் எதிரில் இருக்கும் பெரியவர். "அப்படியே ஜன்னல் பலகையில வைங்க. இஞ்சின் வருது."

"வந்தால் என்ன?"

"முப்பது வருசம் இந்த யார்டுல பெட்டி கோத்தவன் நான். கொடியக் காட்டி இஞ்சினக் கூப்பிடணும். கிட்ட வந்ததும் நடுவுல குனிஞ்சு நுழைஞ்சு சங்கிலிய மாட்டணும். கொஞ்சம் வேகமா வந்து இடிச்சாலும் உள்ள நிக்கிற ஆளு நசுங்கிருவான். நான் கூப்பிட்ட இஞ்சின் ஒருநாளும் பிரயாணியோட தேத்தண்ணியச் சிந்த வச்சதில்ல."

எனக்குச் சிரிப்பு வருகிறது. இருந்தாலும் கிளாஸைப் பலகையில் வைக்கிறேன்.

இஞ்சின் புகைவிட்டுக்கொண்டு எங்கள் பெட்டியை நோக்கிப் பின்னோக்கி வருகிறது. மற்றவர்கள் ஜன்னல்களில் தலையை நீட்டுகிறார்கள். இவர் மட்டும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருக்கிறார். துண்டின் நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறார்.

பெட்டி லேசாக அசைகிறது. தேத்தண்ணியில் ஒரு வளையம் கிளம்பி, விளிம்பைத் தொட்டு, அடங்குகிறது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. கீழே சங்கிலி கொக்கியில் விழும் சத்தம் கேட்கிறது. அதன் பிறகு விசில்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டு நிமிர்ந்து உட்காருகிறார்.

"இப்பக் குடிங்கய்யா. உள்ள நின்னது எம் மகன்."