மடியில் இருந்த ஹோர்ன்

பரந்தனிலிருந்து விசுவமடு போகும் வழியில் என்னை முந்தாத வாகனம் இல்லை. மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர்கள் முந்துவார்கள். ஒருமுறை வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர், "தம்பி, உமக்கு அவசரமில்லையெண்டால் எனக்கு வழி விடும்" என்று கேட்டார். ஒதுங்கி வழிவிட்டேன். நான் அப்போது மோட்டார் சைக்கிளில் இருந்தேன்.

ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஓவசியர் ஒருவரிடம் வாங்கிய பழைய இங்கிலீசு வண்டி அது. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்துகொண்டு மோட்டார் சைக்கிளும் வைத்திருந்த கமக்காரன் நான் ஒருவன்தான். அதனால் எல்லோரும் பார்த்தார்கள். யாராவது பார்த்தால் எனக்குக் கை நடுங்கும், கை நடுங்கினால் விழுவேன். முதல் மாதத்திலேயே நாலு தரம் விழுந்தேன்.

விழுந்த இடமெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மிச்சத்தை வீதியில் படித்தேன். ஒரு மாடு குறுக்கே போனால் அதன் கன்று இன்னும் பற்றைக்குள் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளவேண்டும். பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை அதற்குள் நுழையக்கூடாது. கிரவல் திருப்பத்தில் முன் பிறேக்கைத் தொட்டால் நேரே வாய்க்காலுக்குள்தான். காட்டோரத்தில் ஆவி பறக்க யானை லத்தி கிடந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

"நிண்டு நிண்டு கேட்டால் எப்ப போய்ச் சேருறது?" என்பாள் என் மனைவி. ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஒரு பக்கமாக ஏறி இருப்பாள்.

ஒரு பாடம் மட்டும் எனக்கு ஏறவில்லை. ஹோர்ன் அடிக்கிற பாடம். றப்பர்க் குமிழை அழுத்தினால் வாத்தின் கழுத்தைப் பிடித்தது போலக் கத்தும். நடந்து போகிற பெரியவர்களை அப்படிக் கத்தி விலக்குவது மரியாதையாக எனக்குப் படவில்லை. அவர்களுக்குப் பின்னால் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போவேன். அவர்களாகத் திரும்பிப் பார்த்து, "நீரே? ஏன் களவெடுக்க வந்தவன் மாதிரி வாறீர்?" என்று கேட்டு விலகுவார்கள்.

மாசி மாதம், வயல்கள் வெட்டி முடிந்த நேரம். விசுவமடுவில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மனைவியின் மடியில் ஒரு முட்டி தயிர். போகிற வழியில் ஓரிடத்தில், தார் வீதியின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். மற்றப் பாதியில் நின்று ஓர் அம்மா, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. நெல்லின் மேலால் போகலாம். ஆனால் நாங்கள் சூடடிக்கும் களத்துக்குள் செருப்போடு கால் வைக்காத ஆட்கள். சாணியும் சேறும் மிதித்து வந்த சில்லை நெல்லில் எப்படி ஏற்றுவது? ஹோர்ன் அடித்து அந்த அம்மாவை விலக்கலாம். அதற்குத்தான் வெட்கம். மூன்றாவது, வீதியோர மணல். மணலில் இறக்கினேன். முன் சில்லு புதைந்தது. நாங்கள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், தயிர் எல்லாப் பக்கமும்.

"ஐயோ பிள்ளையள்!" என்று அந்த அம்மா ஓடிவந்தார். "ஏன் தம்பி மணலுக்க விட்டனீர்?"

"நெல்லு கிடந்தது, அக்கா."

"பஸ்ஸே அதுக்கு மேலால போகுது!"

"மற்றப் பக்கம் நீங்கள் நிண்டனீங்கள்."

"அப்ப உந்தப் பீப்பீ என்னத்துக்குப் பூட்டியிருக்கு?"

என் மனைவி எழுந்து தலையில் வடிந்த தயிரை வழித்தாள். முழங்கையில் சிராய்ப்பு. "அது ஓவசியர் பூட்டினது, அக்கா. இவர் துடைக்கேக்க மட்டும்தான் அதைத் தொடுவார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இனி உங்கட வண்டியில ஏறன்" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

ஊர் சிரித்தது பெரிதில்லை. என்னை நம்பிப் பின்னால் ஏறி இருக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அவளும் இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் போனாள். அவளுடைய பைகளைக் கட்டிக்கொண்டு, புழுதிக்கு எட்டாத தூரத்தில் நான் பின்னால் போனேன். ஒருநாள் கொண்டக்டர் அவளிடம், "அக்கா, பின்னால ஒராள் விடாமல் வாறார், உங்கட ஆளோ?" என்று கேட்டாராம். "ஆரெண்டு தெரியேல்லை" என்று சொன்னதாக வீட்டுக்கு வந்து அவளே சொன்னாள்.

ஐந்து வாரம் இப்படிப் போனது. அதற்கிடையில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்து, துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாளும் வந்தது. பிள்ளையின் சின்னம்மா என்று என் மனைவி காலையிலேயே அங்கே நிற்கவேண்டும். அன்று பார்த்துப் பஸ் வரவில்லை. பரந்தன் சந்தியில் அவள் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது அடி தள்ளி நான் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கடைசியில் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, சாவி வைச்சிருக்கிறியளோ?"

"என்ன சாவி?"

"நட்டுக் கழட்டுற சாவி. அந்த ஹோர்னைக் கழட்டி என்னட்டைத் தாங்கோ. நீங்கள் ஓடுங்கோ, நான் அடிக்கிறன்."

கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கழற்றிக் கொடுத்தேன். அவள் ஏறி இருந்து, தயிர் முட்டி இருந்த இடத்தில் ஹோர்னை வைத்துக்கொண்டாள்.

பிறகு அடித்த அடி! ஆட்டுக்கு அடித்தாள், நாய்க்கு அடித்தாள், அசையாமல் நின்ற பாலை மரத்துக்கும் அடித்தாள். ஆட்கள் ஒதுங்கி நின்று சிரித்தார்கள். அவர்கள் அவளைப் பார்த்ததால் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. என் கை நடுங்கவில்லை.

அதே இடத்தில் மறுபடியும் நெல் கிடந்தது. அதே அம்மா, அதே முதுகு. நான் வேகத்தைக் குறைத்தேன். மடியிலிருந்த வாத்து இரண்டு தரம் கத்தியது. அந்த அம்மா துள்ளி வீதியோரத்துக்குப் போனார். நெல்லில் ஏறாமல், மணலில் இறங்காமல், தாரிலேயே நேராகப் போனேன்.

"அட, ஊமைக்கு வாய் வந்திட்டுது!" என்று அவர் பின்னாலிருந்து கத்தியது கேட்டது.

"அது என்ர வாய், அக்கா!" என்று இவளும் திரும்பிக் கத்தினாள்.

அந்த ஹோர்ன் பிறகு வண்டிக்குத் திரும்பி வரவில்லை. இப்போதும் அலுமாரிக்குள் அவளுடைய கைப்பையில்தான் இருக்கிறது. நான் தனியாக வெளிக்கிடும்போது, "கொண்டு போறியளோ?" என்று கேட்பாள்.

"வேண்டாம், நான் மெல்லமாப் போறன்" என்பேன்.